கறுப்புத் திரையில் காணாமல்போன குரல்

அத்தியாயம் 9

"கண்டக்டர், எதையும் தொடாதீங்க," என்றார் மேடம்.

நான் ஏற்கெனவே தொட்டுவிட்டிருந்தேன்.

பதினான்கு வருடம் வெளியூர் பஸ்ஸில் கண்டக்டராகக் காலம் தள்ளியவன் நான். டிக்கெட் எடுக்காமல் நிற்பவன் எவன் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்த ஒரு திறமைக்காகத்தான் துப்பறியும் மேடம் என்னை உதவியாளாக வைத்துக்கொண்டார். ஆனால் இன்று என் எதிரில் இருந்த ஆசாமிக்கு முகமே இல்லை. ஒரு கறுப்புத் திரை. மேல் மூலையில் ஒரு டாலர் குறி, அதன் பக்கத்தில் விட்டுவிட்டுக் கண் சிமிட்டும் ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான். படம் இல்லை, பொத்தான் இல்லை, எலியை எங்கே நகர்த்தினாலும் சீந்துவாரில்லை. மரியாதைக்கு vanakkam என்று அடித்து என்டரைத் தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று மூஞ்சியில் அடித்தாற்போல் பதில் வந்தது.

"இப்பவே சொல்லிடறேன் மேடம், இது நம்ம லைன் இல்லை," என்றேன்.

"இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் இதுதான் நம்ம லைன்," என்றார் அவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

அறையின் மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஏலக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு, விரலிடுக்கில் பேனா. பன்னிரண்டு நாளாக அவர் பேசுவதெல்லாம் அந்த நோட்டில்தான்.

அது ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி. கதவில் 'குரல் அறை' என்று எழுதியிருந்தது. தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுக்க வேண்டியவர்கள், ஆபரேஷனுக்கு முன்னால் இங்கே வந்து சில நாள் பேசிவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்சை வைத்து ஒரு கருவி செய்து கொடுப்பார்கள். பிறகு அவர்கள் எழுதுவதை அந்தக் கருவி அவர்களுடைய குரலிலேயே படிக்கும். குறைந்தது இரண்டு மணி நேரப் பேச்சு கையில் இருக்க வேண்டும். ஏலக்காரர் ஆறு நாள் வந்தார், முந்நூற்று நாற்பது சின்னப் பத்திகளைப் படித்தார். ஏழாம் நாள் காலை குரல்வளையை எடுத்தார்கள். எட்டாம் நாள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் முந்நூற்று நாற்பதில் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு தடவை பேச அவரிடம் தொண்டை இல்லை. அழிந்ததை மீட்டுத் தருகிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். சந்தையில் அவருடைய மேடையை மாதக் கடைசி வரை யாருக்கும் கொடுப்பதில்லை என்று வியாபாரிகள் சொல்லியிருக்கிறார்கள். கருவி பேசினாலும் சரி, குரல் அவருடையதாக இருந்தால் போதுமாம். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்.

வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. அழித்தவருக்கு இந்தக் கறுப்புத் திரை தெரியுமா, தெரியாதா? தெரிந்தவர் என்றால், ஆறு நாள் உழைப்பைத் தூக்கிப் போடும் முன் எங்காவது ஒரு நகல் எடுத்து ஒளித்திருப்பார், அவரை உலுக்கினால் குரல் வெளியே வரும். தெரியாதவர் கைதவறிச் செய்தது என்றால் போனது போனதுதான். அதனால் குற்றவாளி ஒரு கெட்டிக்காரனாக இருக்க வேண்டுமே என்று நாங்கள் மூன்று பேரும் மனதார வேண்டிக்கொண்டிருந்தோம். என் அனுபவத்தில் இப்படி வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

அந்த அறைக்குள் நடமாடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் டைப்பிஸ்ட் அம்மா. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடம் நோயாளிச் சீட்டு டைப் அடித்தவர். டைப்ரைட்டர்களை எடைக்குப் போட்ட பிறகு இவரை இங்கே போட்டு, ஆறு வாரத்தில் கறுப்புத் திரையைக் கற்றுக்கொள், முடியாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார்கள். இன்னொருவர் சிஸ்டம் தம்பி. முப்பது வயது, கழுத்தில் அடையாள அட்டை, ஆஸ்பத்திரியின் அத்தனை கம்ப்யூட்டருக்கும் அவர்தான் பொறுப்பு. நிர்வாகம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. டைப்பிஸ்ட் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, அறையைப் பூட்டி சீல் வைத்துவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்துப் போகிறார்கள். அதற்குள் பார்ப்பதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேடத்துக்கு அனுமதி கிடைத்தது. படிக்கலாம், எதையும் மாற்றக் கூடாது.

மணி ஒன்று பத்து. படிக்கத் தெரிந்தால்தானே படிப்பதற்கு? நான் பேந்தப் பேந்த விழித்தேன். கடைசியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தது குற்றம்சாட்டப்பட்ட டைப்பிஸ்ட் அம்மாவேதான். மேடம் வரச் சொல்லியிருந்தார். வந்தவர் தன் பழைய நாற்காலியில் உட்காராமல், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவர் வேலைக்கு வந்த முதல் நாள் சிஸ்டம் தம்பி ஏழு கட்டளைகளை எழுதி ஒட்டிவிட்டுப் போனாராம். பாடம் அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் கீழே டைப்பிஸ்ட் அம்மா பென்சிலால் தன் பாஷையில் எழுதிவைத்திருந்தார். ls என்றால் 'என்ன இருக்கு?' cd என்றால் 'உள்ளே போ'. rm என்பதற்கு 'தூக்கிப் போடு'. எல்லாவற்றுக்கும் கீழே இருந்த pwd-க்கு மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு.

"பி.டபிள்யூ.டி-யா? ரோடு போடற டிபார்ட்மென்ட் இங்க எங்கம்மா வந்துச்சு?"

"எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க," என்றார் அவர், சிரிக்காமல். "நாம எங்க நிக்கறோம்னு கேக்கற கட்டளை அது. இதுக்குள்ள கதவும் தெரியாது, சுவரும் தெரியாது. எந்த ரூம்ல நிக்கறோம்னு நாமதான் கேக்கணும். கேட்டா சொல்லும். கேக்காட்டி வாயே திறக்காது."

அடித்தேன். நாங்கள் நிற்கும் இடத்தை ஒரு வரியில் சொன்னது. cd அடித்து ஓர் அறைக்குள் போனேன். திரை ஒன்றுமே சொல்லவில்லை. ஏதோ கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று கையை எடுத்துவிட்டேன். தப்பாக அடித்தால்தான் திட்டும், சரியாக அடித்தால் சும்மா இருக்கும் என்றார் டைப்பிஸ்ட் அம்மா. என் பழைய டிப்போ மேனேஜருக்கும் இதே குணம். அவரிடம் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

நோயாளிகளின் பெயரைக் கம்ப்யூட்டரில் எழுதக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அதனால் டைப்பிஸ்ட் அம்மா தொழிலை வைத்து அறைகளுக்குப் பெயர் கொடுத்திருந்தார். லாரி, நர்ஸ், தையல், ஏலம். ஏலம் என்ற அறைக்குள் போய் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பதிலாக வெறும் டாலர் குறி வந்தது. மூலையில் ஏலக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

இன்னோர் அறையும் இருந்தது. அதன் பெயர் டெஸ்ட். தினமும் வேலை ஆரம்பிக்கும்போது மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பதிவு எடுப்பார்கள். அது டெஸ்டுக்குப் போகும். சாயங்காலம் டைப்பிஸ்ட் அம்மா அந்த அறைக்குள் போய் rm என்று அடித்து ஒரு நட்சத்திரக் குறி போடுவார். நின்ற இடத்தில் இருப்பதையெல்லாம் தூக்கிப் போடு என்று அர்த்தம். நாளுக்கு ஒரு தடவை, வாசல் பெருக்குவது போல.

"ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்கன்னு மைக்கைக் குடுப்பேன். எல்லாரும் சொல்லுவாங்க. இவர் மட்டும் ஏலம் விடுவார்," என்று மூலையைக் காட்டினார். "மூணாவது தரம் வரதுக்குள்ள நிறுத்திடுவேன். அவ்வளவு சத்தம், காது கிழிஞ்சிரும்."

ஏலக்காரர் சிரித்தார். நான் பார்க்க அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. மூன்றாம் தரம் சொல்லி முடித்ததும் மேடைப் பலகையைக் கட்டையால் ஓங்கி அடிப்பாராம். அந்தக் கட்டையை இன்னமும் பையில் வைத்திருப்பதாக நோட்டில் எழுதிக் காட்டினார்.

மேடத்துக்கு இந்தக் கதையெல்லாம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் கண் சுவரிலிருந்த தாளில் history என்ற கட்டளை மேல் நின்றது. கீழே பென்சிலில் 'இதுவரைக்கும் என்ன பண்ணே?' என்று எழுதியிருந்தது. அதை அடிக்கச் சொன்னார்.

அடித்ததும் ஆறு வாரம் திரையில் கொட்டியது. டைப்பிஸ்ட் அம்மா முதல் நாளிலிருந்து அடித்த ஒவ்வொரு வரியும், தேதியோடும் நேரத்தோடும். முதல் வரியே please open. கதவைத் தட்டுகிறவர் போல மரியாதையாகக் கேட்டிருக்கிறார். அடுத்த வரி help. அதற்கடுத்தது sorry. அந்த அம்மா வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டு டப்பா மூடியில் விரலால் அடித்து அடித்துப் பழகியதாகவும், தூக்கத்தில்கூட விரல் ஆடுவதாக வீட்டுக்காரர் கிண்டல் செய்ததாகவும் சொன்னார்.

அடுத்து ஒன்று கண்ணில் பட்டது. எந்தக் கட்டளைக்கு முன்னும் ஒரு pwd. சில இடங்களில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டே, அந்தக் கை. கண்டக்டர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு எண்ணினேன். முதல் நாள் அறுபத்தொன்று. இரண்டாம் நாள் ஐம்பத்தெட்டு. பத்து நாள் எண்ணிப் பார்த்தேன், ஐம்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை.

"நேரா கடைசிக்குப் போங்க," என்றார் மேடம். அவர் குரலில் ஒரு சூடு ஏறியிருந்தது.

கடைசி நாள், அதாவது ஆபரேஷனுக்கு முந்தின நாள், சாயங்காலம் ஐந்து பத்து. கடைசி நான்கு வரி இப்படி இருந்தன. ஏலம் என்ற அறைக்குள் போ. என்ன இருக்கிறது? இருப்பதையெல்லாம் தூக்கிப் போடு. என்ன இருக்கிறது?

எங்கே இருக்கிறோம் என்ற கேள்வி எங்குமே இல்லை.

மேடம் மெதுவாக நிமிர்ந்தார். அந்த நேரத்தில் டைப்பிஸ்ட் அம்மா எங்கே இருந்தார் என்று கேட்டார். ஏலக்காரரை லிப்ட் வரை கொண்டுபோய் விட்டு, நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். டெஸ்ட் அறையைச் சுத்தம் செய்தது போவதற்கு முன்னாலா, வந்த பிறகா என்பது சரியாக நினைவில்லை. சுத்தம் செய்தது மட்டும் நிச்சயம். கடைசியாக ஒரு தடவை ls அடித்து, வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தார். அவர் லிப்டுக்குப் போனபோது சிஸ்டம் தம்பி ஒரு கேபிள் மாற்ற இதே அறையில் தனியாக இருந்தார். கடவுச்சொல் எங்கே இருந்தது என்று மேடம் கேட்க, அந்த அம்மா சுவரைக் காட்டினார். தாளின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தது.

"கேக்காம ஒரு அடி எடுத்து வெக்காத கை இது," என்றார் மேடம், என் கோடு போட்ட தாளைத் தட்டி. "இந்த நாலு வரி அடிச்சது வேற கை. தொழில் தெரிஞ்ச கை."

ஏலக்காரர் முக்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். நோட்டில் ஏதோ எழுதப் போய், எழுத வராமல், என் தோளை அழுத்திப் பிடித்தார். டைப்பிஸ்ட் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம் தலைக்கேறியது. அந்தச் சந்தோஷத்தில்தான் கண் மறைந்துவிட்டது என்று இப்போது சொல்கிறேன்.

இரண்டு மணிக்கு சிஸ்டம் தம்பி வந்தார். மேடம் சுற்றி வளைக்கவில்லை. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் இடம் நிரம்பி வழிந்ததும், பதிவு அழிந்ததற்கு மறுநாள் ஆய்வுக்கு ஆட்கள் வரவிருந்ததும் மேடத்துக்குத் தெரியும். இடம் காலி செய்ய, இருப்பதில் பெரிய அறையாகப் பார்த்து அழித்தீர்கள், நகல் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. தான் மேஜைக்கு அடியில் கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததாகவும், கீபோர்டைத் தொடவே இல்லை என்றும் சத்தியம் செய்தார். மேடம் விடவில்லை. தினசரி நகல் எடுப்பது உங்கள் வேலைதானே, அந்த நகலையாவது காட்டுங்கள் என்றார்.

தம்பி அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எட்டு மாசமா நகலே எடுக்கல மேடம். இடம் இல்லைன்னு அதை நிறுத்தி வெச்சேன். யார்கிட்டயும் சொல்லல. எங்கயாவது ஒரு நகல் இருந்திருந்தா நான் ஏன் பதினோரு நாளா தூங்காம அலையறேன்?"

அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. அழுகிறவன் எல்லாம் டிக்கெட் எடுத்தவன் என்று அர்த்தமில்லை, நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மேடமும் நம்பவில்லை. எல்லா அறைகளையும் திறந்துவிடச் சொன்னார். திறந்துவிட்டார். நாங்களே தேடிக்கொள்ளலாம், ஒரு மூலை விடாமல்.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். உள்ளே போ, என்ன இருக்கு, வெளியே வா. உள்ளே போ, என்ன இருக்கு, வெளியே வா. மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய கட்டளை தானாகவே திரும்பி வரும் என்று தம்பி காட்டிக்கொடுத்தார். அதன் பிறகு என் வேகத்தைக் கேட்கவா வேண்டும்? ஒரு மணிக்கு வணக்கம் போட்டுத் திட்டு வாங்கியவன், மூன்றரை மணிக்குப் பியானோ வாசிக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்ரே பிரிவில் இல்லை என்றேன். மருந்துக் கிடங்கில் இல்லை என்றேன். ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஏலக்காரர் நோட்டில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். பிறகு புள்ளி வைப்பதை நிறுத்திவிட்டார்.

நான்கு இருபதுக்கு, "பழைய ஆவணத்திலயும் இல்லை மேடம்," என்றேன்.

"கொஞ்சம் இருங்க," என்றார் மேடம். "இதே பட்டியலைத்தானே மருந்துக் கிடங்குன்னு சொன்னீங்க?"

பார்த்தேன். அச்சு அசல் அதே பட்டியல். பழைய ஆவணத்துக்குள் போகும் கட்டளையை நான் அடிக்கவே இல்லை. மேல் அம்புக்குறியைத் தட்டி, 'என்ன இருக்கு' என்பதை மட்டும் திரும்ப வரவழைத்திருக்கிறேன். பத்து நிமிடமாக மருந்துக் கிடங்கிலேயே நின்றுகொண்டு ஊர் சுற்றியதாக நினைத்திருக்கிறேன். அசடு வழியச் சிரித்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. "கண்டக்டர், எங்க இருக்கோம்னு கடைசியா எப்ப கேட்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டு மணி வாக்கில் இருக்கலாம். அதற்குப் பிறகு எதற்கு? எனக்குத்தான் பழகிவிட்டதே.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து விழுந்ததும் மேடத்தின் முகம் மாறியது. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, டைப்பிஸ்ட் அம்மாவின் ஆறு வாரத்தையும் மறுபடி வரவழைக்கச் சொன்னார். முதல் பத்து நாளும் கடைசி நான்கு வரியும்தான் பார்த்தோம், நடுவில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை என்றார். நான் கோடு போட்டேன். மூன்றாம் வாரம் ஒரு நாள் நாற்பது. நான்காம் வாரம் இருபத்திரண்டு. ஐந்தாம் வாரம் பதினொன்று, ஒன்பது, ஆறு. கடைசி வாரம் திங்கள் நான்கு, செவ்வாய் இரண்டு. கடைசி நாள் கோடு போட வேண்டிய வேலையே இல்லை. காலையிலிருந்தே ஒன்றுகூடக் கிடையாது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எண்ணாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"அன்னைக்கு rm எத்தனை தடவை இருக்கு?" என்று மேடம் கேட்டார். கேட்ட குரலிலேயே பதில் தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு தடவை.

டெஸ்டைச் சுத்தம் செய்தது நிச்சயம் என்றால் அதற்கு ஒரு rm வேண்டும். ஏலத்தை இன்னொருவர் அழித்தார் என்றால் அதற்கு இன்னொன்று. அந்த நாளில் இருந்தது ஒன்றுதான். மேடம் டைப்பிஸ்ட் அம்மா பக்கம் திரும்பி, முந்நூற்று நாற்பதும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தானே ஏலத்துக்குள் போனீர்கள் என்று கேட்டார். ஆமாம், ஒருவருடைய பதிவு முடிந்தால் எண்ணிப் பார்ப்பது வழக்கம் என்றார் அவர். அதன் பிறகு டெஸ்டுக்குப் போகும் கட்டளையை அடித்தீர்களா என்று கேட்டார். அந்த அம்மா திரையை எட்டிப் பார்த்தார்.

"மேல் அம்புக்குறியைத் தட்டினேன்," என்றார். "முந்தின நாள் போட்ட 'தூக்கிப் போடு' வந்துச்சு. என்டர் போட்டேன். சும்மா இருந்துச்சு. சரின்னு நினைச்சேன்."

"அந்த அம்புக்குறியைச் சொல்லிக்குடுத்தது நான்தான்," என்றார் சிஸ்டம் தம்பி, யாரையும் பார்க்காமல். "இன்னுமா ஒவ்வொரு அடிக்கும் கேட்டுக்கிட்டிருக்கீங்க, உங்களுக்குத்தான் வந்துடுச்சேன்னும் சொன்னேன். பாராட்டாத்தான் சொன்னேன்."

டைப்பிஸ்ட் அம்மா அப்போதுதான் முதல் தடவையாக உட்கார்ந்தார். நாற்காலியில் இல்லை, கீழே, சுவரில் சாய்ந்து, அந்தத் தாளுக்கு நேர் கீழே.

"அன்னைக்குத்தான் மேடம் பயம் இல்லாம வேலை செஞ்சேன்," என்றார். "இருபத்தாறு வருஷ வேலை போயிடுமோன்னு ஆறு வாரமா வயித்துல நெருப்பு. அன்னைக்குத்தான் இது எனக்கு வந்துடுச்சுன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போற வழியெல்லாம் சந்தோஷமா போனேன்."

ஏலக்காரர் நோட்டை மூடினார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கெட்டிக்காரன் யாரும் இல்லை, ஒளித்துவைத்த நகலும் இல்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு மட்டும் பாக்கி," என்றார் மேடம். "அன்னைக்கு டெஸ்டை யாரும் பெருக்கல. மறுநாள் யாரும் அதைப் பாக்கல. அப்புறம் அறையைப் பூட்டிட்டாங்க. உள்ள போங்க கண்டக்டர்."

உள்ளே போனேன். இந்தத் தடவை எங்கே இருக்கிறோம் என்று கேட்டேன். டெஸ்ட் என்றது. என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரே ஒரு பதிவு இருந்தது, ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை தேதியோடு.

சிஸ்டம் தம்பி குனிந்து அதை ஒலிக்கவிட்டார். முதலில் நாற்காலி நகரும் சத்தம். டைப்பிஸ்ட் அம்மாவின் குரல், மைக் தயார் சார் என்று. பிறகு அறை முழுவதையும் நிறைத்துக்கொண்டு இன்னொரு குரல் வந்தது. கனத்த, சந்தைக் கடைசி வரை போய்ச் சேரும் குரல்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

அதோடு நின்றுவிட்டது. மொத்தம் ஆறு விநாடி. மூன்றாம் தரத்துக்குள் அந்த அம்மா வழக்கம்போல பதிவை நிறுத்தியிருந்தார்.

ஏலக்காரர் நோட்டில் வேகமாக எழுதி சிஸ்டம் தம்பியிடம் நீட்டினார். 'இது போதுமா?' தம்பி படித்தார். இரண்டு மணி நேரம் வேண்டும் என்பது அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். ஏலக்காரருக்கும் தெரியும். தம்பி தலையை மட்டும் ஆட்டினார். இல்லை.

கீழே உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் அம்மா, அறிக்கையில் தன் பெயரையே எழுதிக்கொள்ளச் சொன்னார். மேடம் அறிக்கைத் தாளை எடுத்தார், எட்டு மாதம் எடுக்காத நகலையும் எழுதினார், ஐந்து பத்துக்கு அடித்த வரியையும் எழுதினார். எழுதி முடிக்க வெகு நேரம் ஆனது. பொதுவாக மேடம் அறிக்கை எழுதும்போது நான் ஏதாவது கிண்டல் செய்வேன்.

கதவைத் தட்டினார்கள். கம்ப்யூட்டரைக் கழற்ற ஆட்கள். மணி ஐந்துக்கு ஐந்து நிமிடம். மாற்றத்தான் கூடாது, நகல் எடுக்கலாம் என்று மேடம் சொல்ல, அந்த ஆறு விநாடியை ஒரு பென் டிரைவில் எடுக்க உட்கார்ந்தேன். விரல் தானாகவே மேல் அம்புக்குறிக்குப் போனது.

"கண்டக்டர் தம்பி," என்றார் டைப்பிஸ்ட் அம்மா, கீழேயிருந்தபடியே. "முதல்ல எங்க இருக்கோம்னு கேளுங்க."

கேட்டேன். சொன்னது. நகல் எடுத்தேன். திரை வழக்கம்போல சும்மா இருந்தது. நகல் நிஜமாகவே வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு தடவை ஒலிக்கவிட்டேன்.

ஒரு தரம், ரெண்டு தரம்.

ஏலக்காரர் பையிலிருந்து கட்டையை எடுத்தார். மூன்றாம் தரம் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு மேஜை மேல் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கட்டையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனார்.